முன்பணத்துக்கும் பதிவுக்கும் நடுவே

ஒரு வீடோ மனையோ கைமாறும்போது விலை பேசி முடிப்பதே காரியத்தின் சிகரம் என்று வாங்குகிறவரும் விற்கிறவரும் நினைப்பது சகஜம். ஆனால் பத்திரம் எழுதி ஜீவனம் செய்யும் என் போன்றவனுக்கு, அந்தப் பேச்சு முடிந்து முன்பணம் கொடுபட்ட நாளுக்கும், சார்பதிவாளர் முன்னிலையில் இரு தரப்பாரும் கையொப்பமிட்டு விரல்ரேகை பதிக்கும் நாளுக்கும் நடுவே கிடக்கும் சில வாரங்களே முழு வியவகாரமாகவும் தோன்றுகின்றன. விலை நிதானமாக ஏறும் ஊரில் இந்த இடைக்காலம் வெறும் காத்திருப்பு. விலை ஓட்டமெடுக்கும் ஊரிலோ, அந்த வாரங்களில் கணக்கு மாறுகிறது, மனம் மாறுகிறது, நெடுநாள் பழகியவர்களின் முகமும் மாறிவிடுகிறது.

சென்னையின் தென்புறத்தில், பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை வட்டாரத்தில் என் தொழில் வளர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலை அகலமாயிற்று. 2007-இல் வேளச்சேரி வரைக்கும் பறக்கும் ரயில் வந்தது. அதற்கு முந்திய பத்திரங்களில் இந்த நிலங்கள் ஏக்கராகவும் சென்ட்டாகவும் எழுதப்பட்டன. பிறகு 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டு வந்தது. இன்று அடுக்குமாடி வீடுகளில் பேச்செல்லாம் சதுர அடியில்தான். நிலத்தின் மதிப்பு உயர உயர அதை அளக்கும் அலகு சிறுத்துக்கொண்டே வந்ததை, என் மேஜைமேல் கிடக்கும் நகல்களை வருஷ வரிசையில் அடுக்கிப் பார்க்கிற எவரும் கண்டுகொள்ளலாம். அதோடு கூடவே, ஆவணங்களை வாசிப்பதற்கென்று ஜனங்கள் ஒதுக்கும் நேரமும் சிறுத்துவிட்டது என்பதுதான் என் விசனம்.

"ஐயா, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போடலேன்னா வேற பார்ட்டி முடிச்சிடுவாங்கன்னு புரோக்கர் சொல்றாருங்க" என்று, வங்கிக் கடனையும் இரு குடும்பத்தாரின் நகைகளையும் நம்பி வரும் இளந்தம்பதிகள் பதற்றத்தோடு சொல்லும்போது, அவர்கள்மேல் எனக்குப் பரிவு உண்டாகுமேயன்றிக் கோபம் உண்டாவதில்லை. அந்த வேறு பார்ட்டி சில சமயம் மெய்யாகவே உண்டு; சில சமயம் தரகரின் வாக்கில் மட்டுமே உண்டு. எப்படியாயினும் நான் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, தாய்ப்பத்திரத்தைக் கொண்டாங்க. படிச்சிட்டுச் சொல்றேன்."

பழைய தாய்ப்பத்திரத்தில் நான் முதலில் தேடுவது செக்குபந்தியை, அதாவது சொத்தின் நான்கு எல்லைகளை விவரிக்கும் பகுதியை. வடக்கே ஏரிக்கரை, கிழக்கே பாசன வாய்க்கால் என்று அதில் இருக்கும். நாற்பது வருஷம் கழித்து அதே நிலம் மனைகளாகப் பிரிந்து எழுதப்பட்ட பத்திரத்தில், அதே திசைகளில் மனை எண்களும் இருபதடி ரோடும் இருக்கும். நடுவே எந்தக் கைமாற்றத்தில், எவருடைய உத்தரவின் பேரில் வாய்க்கால் ரோடாயிற்று என்பதை, இருக்கிற எல்லாப் பத்திரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தாலன்றி அறிய முடியாது. அறியாமல் வாங்கியவர்களின் கூடங்களில் தண்ணீர் புகுந்ததை வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் 2015 டிசம்பரிலும், மறுபடியும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கண்டன. நான் வாசித்த வரையில், இந்த வட்டாரத்தின் வெள்ள வரலாறு எந்த வரைபடத்திலும் இருப்பதைக் காட்டிலும் தெளிவாகச் செக்குபந்திகளில் இருக்கிறது.

அடுத்தது வாரிசு. வில்லங்கச் சான்றை இப்போது வீட்டிலிருந்தபடியே கணினியில் எடுத்துவிடலாம் என்பதால் அதைக் கண்டவுடன் சொத்து சுத்தமானது என்று பலர் தீர்மானித்துவிடுகிறார்கள். பதிவானவற்றைத்தான் அது காட்டும். பதிவாகாத உயிலையோ, நிலுவையிலுள்ள வழக்கையோ, பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வந்த உரிமையையோ காட்டாது. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமை சட்டமாயிற்று. 2005-இல் நாடெங்கும் மகள்கள் அனைவருக்கும் அவ்வுரிமை வந்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இருந்தும், "தங்கச்சிக்குச் சீர் செஞ்சாச்சுங்க, அது ஒண்ணும் கேக்காது" என்று அண்ணன்மார் சொல்லும் சொல்லை இன்றைக்கும் கேட்கிறேன். ஏக்கர் சில ஆயிரத்துக்குப் போன நாளில் கேட்காதிருந்த தங்கை, அதே ஏக்கர் கோடிகளுக்குப் போகும் நாளில் கேட்பது அநீதியன்று. அன்றைக்கும் அவளுக்குச் சேர வேண்டியிருந்ததையே அவள் இன்றைக்குக் கேட்கிறாள். அவள் கையொப்பமின்றி எந்தப் பூர்வீகச் சொத்துக்கும் நான் கிரயப் பத்திரம் எழுதுவதில்லை.

பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டையே வாங்கிவிட்டதாக எண்ணுவது மற்றோர் அபாயம். பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடக்கும் விற்பனை உரிமை மாற்றமாகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டபின் அதைப் பற்றி நான் நீட்டி எழுதத் தேவையில்லை.

இனி, உடன்படிக்கைக்கு வருகிறேன். என் தொழிலின் சாரம் இங்கேதான் இருக்கிறது. அச்சாரம் வாங்கிய ஆறு மாதத்தில் சதுர அடி விலை ஏறிவிட்டால், விற்கிறவருக்கு ஒப்புக்கொண்ட தொகை நஷ்டமாகத் தெரிகிறது. இதைப் பேராசை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. தம் ஒரே வீட்டை விற்று, மகனிருக்கும் இடத்துக்கு அருகே இன்னொன்றை வாங்கப் போகும் ஒரு விதவைத் தாயை எண்ணிப் பாருங்கள். விற்கும் விலை அன்றே நின்றுபோகிறது. வாங்கப் போகும் வீட்டின் விலையோ மாதாமாதம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வாங்குகிறவர் சிறு முன்பணத்தைக் கொடுத்துவிட்டுக் கெடுவை நீட்டிக்கொண்டே போவாரானால், அந்த அம்மாள் தம் வீட்டையும் இழந்து, எண்ணிய வீட்டையும் எட்ட முடியாமல் நிற்க நேரும். நிலத்தைப் பொறுத்த உடன்படிக்கையில் கெடு அத்தனை கண்டிப்பானதன்று என்ற பழைய கொள்கையை, நகரங்களில் விலை செங்குத்தாக ஏறும் காலத்தில் மறுபடி ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதே 2011-இல், சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் எடுத்துரைத்தது. அந்த உடன்படிக்கை 1981-இல் எழுதப்பட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு தலைமுறைக் காலம் அந்த நிலம் நீதிமன்றக் காகிதமாகவே இருந்தது.

ஆகையால் கெடுவை நான் குறுக்கியே எழுதுகிறேன்: வங்கிக் கடன் மஞ்சூராகவும், ஆவணங்கள் சரிபார்க்கவும் போதுமான காலம், அதற்குமேல் இல்லை. விற்கிறவர் வேறு வீடு வாங்குகிறவராகவும் இருந்தால், இரண்டு பதிவுகளும் ஒரே வாரத்தில் அமையுமாறு இரு உடன்படிக்கைகளின் தேதிகளையும் இணைத்து வைக்கிறேன். இது எனக்கு இரட்டிப்பு உழைப்பு என்றாலும், என் தொழிலில் எனக்கு அதிக மனநிறைவு தருவதும் இதுவே. உடன்படிக்கையையும் பதிவு செய்துவிடுமாறு வற்புறுத்துகிறேன். முன்பணம் காசோலையாகவோ வங்கி மாற்றாகவோதான் கொடுபட வேண்டும். 2015 முதல் சொத்து வியவகாரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம். விற்பனை முறிந்தால் எழுத்தில் இருக்கும் பணம் மட்டுமே திரும்பி வரும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சட்டமும் இந்த இடைக்காலத்தில் மாறக் கூடும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, முன்பணம் கொடுத்துவிட்டு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்கள், மறு வருஷம் வரன்முறைத் திட்டம் வரும்வரை இரண்டும்கெட்ட நிலையில் தவித்தன. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைந்து, பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்ந்தது. 2023-இல் மதிப்பு பழைய நிலைக்கு ஏறிக் கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. ஆவணத்தைப் படிக்க அவகாசம் எடுங்கள். படித்துத் தெளிந்தபின் பதிவுக்கு அவகாசம் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நம்மவர் பலர் இவ்விரண்டையும் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஒரு மாலைப்பொழுதில் முன்பணம் கொடுத்துவிட்டு, ஆடி போகட்டும், தை பிறக்கட்டும் என்று பதிவைத் தள்ளிப்போடுகிறார்கள்.

வாங்கப் போகும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்: முன்பணம் கொடுக்குமுன் தாய்ப்பத்திரத்தின் நகலை வாங்கி ஓர் இரவு உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, செக்குபந்தியை வீட்டார் அனைவரும் கேட்கப் படியுங்கள், மறுநாள் அந்த இடத்துக்குப் போய் நின்று, காகிதம் சொல்லும் நான்கு திசைகளையும் கண்ணால் சரிபாருங்கள். விற்கப் போகிறவர்களே, உடன்படிக்கை எழுத வரும் அன்றே உங்கள் சகோதரிகளையும் மகள்களையும் உடன் அழைத்து வாருங்கள். எழுதி முடித்ததை அவர்களுக்கும் படித்துக் காட்டிய பிறகே கையொப்பத்துக்குத் தருவேன்.