மை தீட்டிய மாதர்கள்

2013-ஆம் வருஷம் நியூயார்க்கில் ஒரு நாடகம் மேடையேறியது. தலைப்பே ஒரு முழ நீளம்: 'வால்ட் டிஸ்னியின் மரணம் பற்றிய, படமாகாத திரைக்கதை ஒன்றின் பகிரங்க வாசிப்பு.' எழுதியவர் லூகாஸ் நேத். மேடையில் ஒரு மேஜை. வால்ட், அண்ணன் ராய், மகள், மருமகன் ஆக நாலே பாத்திரங்கள். தம்மைப் பற்றித் தாமே எழுதிய கதையை வால்ட் படித்துக்கொண்டே போகிறார். நடுநடுவே கைக்குட்டையில் இருமுகிறார்.

நல்ல நாடகந்தான். ஆனால் அந்த மேஜையருகே இன்னும் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. யாருக்கு என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் உங்களை அமெரிக்காவின் அடுத்த கரைக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். அடுப்பை அணைத்துவிட்டீர்கள் அல்லவா? புறப்படுங்கள்!

முதலில் ஸில்வர் லேக் பகுதியில், ஹைப்பீரியன் அவென்யூ. டிஸ்னியின் பழைய ஸ்டூடியோ இருந்த இடத்தில் பின்னாளில் பெரிய மளிகைக் கடை எழும்பிவிட்டது. தக்காளியும் ரொட்டியும் விற்கும் அந்த மண்ணில்தான் 'ஸ்நோ ஒயிட்' உருவானாள். 1937 டிசம்பர் 21-ஆம் தேதி முதன்முதலாகத் திரையிட்டார்கள். படம் 83 நிமிஷம். விநாடிக்கு 24 சட்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 1,20,000 வருகிறது!

ஓவியர்கள் காகிதத்தில் பென்சிலால் வரைந்ததை, கண்ணாடி போன்ற செல்லுலாய்ட் தகட்டில் மையால் நகல் எடுத்து, பின்புறம் வர்ணம் பூச வேண்டும். இதைச் செய்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள். விரல் ரேகை படியக் கூடாதென்று மெல்லிய கையுறை. பேனா பிடிக்கத் தோதாக அதில் சில விரல்களை மட்டும் வெட்டிவிடுவார்கள். இழைக்கோலம் போடும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கை ஒரு நூல் நடுங்கினாலும் கம்பி கோணிவிடும். இங்கேயோ அந்தக் கோணல் திரையில் பத்தடி உயரத்துக்குத் துள்ளும்! ஸ்நோ ஒயிட்டின் கன்னச் சிவப்பும் இவர்கள் கைவண்ணமே. படத்தின் பெயர்ப் பட்டியலில் மட்டும் இவர்களைத் தேடாதீர்கள், இல்லை.

1938-இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு ஸ்டூடியோவிலிருந்து பதில் போயிற்று. படைப்பு வேலையெல்லாம் இளைஞர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், பெண்களுக்கு உள்ளது நகல் எடுப்பதும் வர்ணம் பூசுவதுந்தான் என்பது அதன் சாரம். கடிதத்தாளின் தலைப்பில் சிரித்துக்கொண்டிருந்தவள் யார் தெரியுமா? சாட்சாத் ஸ்நோ ஒயிட்!

இனி கிரிஃபித் பூங்காவின் குன்றுகளைச் சுற்றிக்கொண்டு வடக்கே போனால் பர்பேங்க். ஸ்டூடியோ 1940 வாக்கில் இங்கே குடிபெயர்ந்தது. நினைத்தபோது நுழைந்துவிட முடியாது. வாசற்கதவு வழியாக எட்டிப் பார்க்கலாம். உள்ளே தெருக்களுக்கு மிக்கி, டோப்பி என்று பெயர். 1990-இல் கட்டிய அலுவலகத்தின் கூரையை ஏழு குள்ளர்களும் கல் உருவத்தில் தாங்கி நிற்கிறார்கள். வேடிக்கைதான், ஆனால் பழைய கட்டடங்களையே பார்க்கச் சொல்வேன். ஓவியர்களின் கட்டடத்திலிருந்து மை தீட்டும் கட்டடத்துக்குப் பூமிக்கடியில் ஒரு சுரங்கப் பாதை உண்டு. தூசியும் மழையும் படாமல் படங்கள் அதன் வழியே போகும். பெண்கள் தனியாக இருந்ததால் அந்தக் கட்டடத்துக்குக் 'கன்னியர் மடம்' என்று கேலிப் பெயர்!

சம்பளம்? வாரம் 18 டாலர் அளவில். புகழ்பெற்ற ஓவியர் சிலருக்கோ 300. 1941 மே 29-ஆம் தேதி இதே வாசலில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கோஷ அட்டைகளில்கூட ஜோரான கார்ட்டூன்கள், கலைஞர்கள் அல்லவா! மை தீட்டிய பெண்களிலும் பலர் வெளியே வந்து நின்றார்கள். மறுவருஷம் வெளியான 'பாம்பி' படத்தில் ரெட்டா ஸ்காட் என்ற பெண்ணின் பெயர் அனிமேட்டர் வரிசையில் இடம் பெற்றது. டிஸ்னி படத்தில் அதுவே முதல் தடவை. பாம்பியின் தோழியைத் துரத்தும் அந்த வேட்டை நாய்கள் ஞாபகமிருக்கிறதா? அவை அவர் வரைந்தவை.

1961-இல் '101 டால்மேஷியன்கள்' வந்தபோது பென்சில் கோட்டை ஜெராக்ஸ் இயந்திரமே நேராகத் தகட்டில் பதித்துவிட்டது. மைப் பேனாக்களுக்கு வேலை போயிற்று. தூரிகைகள் இன்னும் கொஞ்ச காலம் நீடித்தன. அந்நாளில் கழுவித் துடைத்து மறுபடி உபயோகித்த தகடுகள் எத்தனையோ. தப்பிப் பிழைத்தவற்றை இன்று ஏலத்தில் பெரும் விலைக்கு எடுத்து, சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். படத்தில் இருப்பவள் யார் என்று கீழே எழுதியிருக்கும். கோடு இழுத்தவள் பெயர் அநேகமாக இருக்காது.