இருப்புநிலைக் குறிப்பில் ஏறாத தண்ணீர்

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஆலைக்கு விலை போட வேண்டுமென்றால் முதலில் அதன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். எந்திரம், கட்டடம், வரவுசெலவுப் புத்தகம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் ஏறி இறங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

நிறுவனங்களை மதிப்பிடுவது என் தொழில். வங்கியில் கடன் கேட்பார்கள், பங்காளிகள் பிரிவார்கள், ஒருவர் விற்பார், இன்னொருவர் வாங்குவார். எல்லா இடத்திலும் இந்த ஆலை எவ்வளவு பெறும் என்ற கேள்வி வரும். வரும் ஆண்டுகளில் ஆலை கையில் எவ்வளவு பணம் மிச்சம் வைக்கும் என்று கணித்து, நாளைய பணத்துக்கு இன்று என்ன மதிப்பு என்று தள்ளுபடி விகிதத்தால் சுருக்கிக் கூட்டிச் சொல்வோம். முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் தனித்தனியாகக் கணக்கு. ஆறாம் ஆண்டிலிருந்து இதே போக்கில் என்றைக்கும் ஓடும் என்று வைத்துக்கொண்டு, ஒரே தொகையாக 'இறுதி மதிப்பு' போடுவது வழக்கம். பெரும்பாலான அறிக்கைகளில் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியில்தான் இருக்கும். தர்மபுரியில் இருந்துகொண்டு 'என்றைக்கும் இதே போக்கில்' என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

காரணம் ஒரு மரவள்ளிக் கிழங்குத் தரகர். ஓர் ஆலையில் நான் எந்திரங்களின் வயதைக் குறித்துக்கொண்டிருந்தேன். லாரி எடைக்காகக் காத்திருந்த அந்தப் பெரியவர், "மிசினுக்கு வயசு கேக்கறீங்களே தம்பி, போருக்குக் கேட்டீங்களா?" என்றார். கேட்டுப் பார்த்தேன். முதல் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, முந்நூறு அடி, வறண்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அடுத்தது அறுநூறு. கடைசியாகப் போட்டது ஆயிரம் அடியைத் தாண்டியிருந்தது. அதிலும் கோடையில் விட்டுவிட்டுத்தான் தண்ணீர் வந்தது. இருப்புநிலைக் குறிப்பில் மூன்று போர்களும் நிலையான சொத்தாக, ரூபாய்க் கணக்கில் இருந்தன. வறண்ட போருக்கும் அங்கே மதிப்பு இருந்தது.

நம் மாவட்டம் கெட்டிப்பாறையின் மேல் இருக்கிறது. பாறை வெடிப்புகளில் தங்கும் தண்ணீர்தான் நிலத்தடி நீர். பல பிர்க்காக்களில் மழை ஊட்டுவதைவிட மோட்டார் எடுப்பது அதிகம். ஃபுளோரைடு கலந்த தண்ணீருக்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. அது குடிக்கத்தான். கிழங்கு கழுவவும், அரைக்கவும், மாவைத் தொட்டிகளில் படியவைக்கவும் ஆலைக்குப் போரை விட்டால் வேறு வழியில்லை.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அரசு மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தது. அந்தப் பருவத்தில் ஆலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடி இரண்டு பக்கமும் விழுந்தது. போரில் தண்ணீர் இல்லை, காட்டில் கிழங்கும் இல்லை. அதற்கு நேர்மாறான சோதனை 2024 டிசம்பரில் வந்தது. ஃபெஞ்சல் புயலின் மிச்சத்தில் அரூரில் ஒரே நாளில் 33 சென்டிமீட்டரும், பக்கத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் கொட்டியது. ஜவ்வரிசி திறந்த சிமென்ட் களத்தில் வெயிலில் காயும் சரக்கு. பருவம் தப்பிய மழை களத்தைக் கெடுக்கும். அறுவடை நேரத்தில் பெய்தால் கிழங்கின் மாவுச்சத்தும் குறையும். இங்கே கிழங்குக்கு மாவுச்சத்தின் 'பாயிண்ட்' பார்த்துத்தான் விலை. பாயிண்ட் இறங்கினால் விவசாயிக்கு விலை போச்சு, ஆலைக்கு மாவு போச்சு.

இடையில் மாவுப்பூச்சி வந்தது. 2020இல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, சேலம், நாமக்கல், தர்மபுரி மரவள்ளிக் காடுகளுக்குப் பரவியது. வறண்ட காலத்தில் பெருகும் பூச்சி அது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்ட பிறகுதான் விவசாயிகளுக்கு நம்பிக்கை வந்தது.

இதையெல்லாம் மதிப்பீட்டில் எங்கே வைப்பது? 'ரிஸ்க் அதிகம்' என்று தள்ளுபடி விகிதத்தில் இரண்டு சதவீதம் கூட்டிவிட்டுப் போவதுதான் என் தொழிலில் பரவலான பழக்கம். அது போதாது என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். ஓர் ஆலை ஆண்டுக்கு 1 கோடி மிச்சம் வைக்கிறது, விகிதம் 14 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்கும் இதே வரவு என்று வரவை விகிதத்தால் வகுத்தால் மதிப்பு சுமார் 7.14 கோடி. இரண்டைக் கூட்டி 16 ஆக்கினால் 6.25 கோடி. இப்போது உள்ளபடியே பாருங்கள். ஐந்தில் ஓர் ஆண்டு தண்ணீர் கிடைக்காமல் 50 லட்சம் நட்டம் என்றால், சராசரி வரவு ஆண்டுக்கு 70 லட்சம். மதிப்பு 5 கோடி. அந்த 5 கோடியை விகிதத்தின் வழியாகவே எட்ட வேண்டுமானால் 14ஐ 20 ஆக்க வேண்டும். யாரும் அப்படிக் கூட்டமாட்டார்கள். ஆகவே வறட்சியை வரவில்தான் வைக்க வேண்டும்: எந்த ஆண்டு, எவ்வளவு அரைவை குறையும், எத்தனை மாதம் என்று. சராசரிகூட முழு உண்மையைச் சொல்லாது. கடன் வாங்கிய முதல் ஆண்டிலேயே மழை பொய்த்தால் வங்கித் தவணை காத்திருக்காது. வெள்ளத்துக்குத் தீ விபத்துப் பாலிசியோடு காப்பீடு உண்டு. வறட்சிக்கு அதில் இடமில்லை.

இந்த முறையில் எழுதிய அறிக்கையை ஓர் ஆலை உரிமையாளரிடம் கொடுத்தபோது அவர் முகம் வாடிவிட்டது. மரவள்ளி விவசாயியின் மகன், என்னைவிட இளையவர். "வானம் பொய்த்ததுக்கு என் ஆலை விலையைக் குறைப்பீங்களாண்ணா?" என்றார். பக்கத்து ஆலைக்கு வேறொரு மதிப்பீட்டாளர் மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் முழு மதிப்பு போட்டுக் கொடுத்திருந்தார். உண்மையைச் சொன்ன அறிக்கைக்குக் கடன் குறையும், சொல்லாததற்குக் கூடும். அந்தச் சங்கடம் இன்றும் எனக்குத் தீரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் அந்த ஆலையை நம்பிச் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்த உரையாடல் அதோடு முடியவில்லை. மழைநீரைத் தேக்க ஒரு குட்டை, கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்ப எடுக்க ஓர் அமைப்பு, இவற்றுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். மேலே சொன்ன ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 80 லட்சம் செலவில் வறட்சி ஆண்டின் 50 லட்சம் நட்டம் 30 லட்சம் வரவாக மாறுமானால், சராசரி வரவு 86 லட்சம், மதிப்பு 6.14 கோடி. செலவு போக 34 லட்சம் கூடுதல். கழிவுநீரிலிருந்து சாண எரிவாயு போல வாயு எடுத்து விறகையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் ஆலைகள் சேலம் பக்கம் ஏற்கெனவே இருக்கின்றன. அதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மேலே போகும். வளத்தைக் காப்பது அறச்செலவு என்று நினைத்திருந்த அந்த இளைஞர் அன்று தாளையும் பேனாவையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

கழிவைக் கவனிக்காத ஆலைக்கு என்ன நேரும் என்பதைத் திருப்பூர் பார்த்தது. நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரே ஆணையில் எத்தனையோ பட்டறைகளின் 'இறுதி மதிப்பு' நின்றது. சூழல் இடர் பெரிய நிறுவனங்களையும் விடுவதில்லை: கலிபோர்னியாவில் பிஜி அண்ட் ஈ என்ற பெரிய மின் நிறுவனம் 2017, 2018 காட்டுத்தீக்களின் இழப்பீட்டுச் சுமையால் 2019 ஜனவரியில் திவால் மனு போட்டது. பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கிவிட்டது. நம் ஜவ்வரிசி ஆலைகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அவற்றுக்குக் கடன் தரும் வங்கிகள் பல அதில் இருக்கின்றன. ரிசர்வ் வங்கியும் 2024 பிப்ரவரியில் வங்கிகள் தங்கள் பருவநிலை இடரை வெளியிட வரைவு நெறிமுறை கொண்டுவந்தது. கேள்வி மும்பையிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிக்கு வரும்.

அதற்கு முன்னால் நாமே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். வங்கி மேலாளர்களே, அடுத்த முறை இந்த மாவட்டத்து ஆலை ஒன்றின் மதிப்பீட்டு அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால், போரின் ஆழம், கோடையில் அது தரும் தண்ணீர், 2016 போன்ற ஓர் ஆண்டு திரும்பி வந்தால் வரவு என்னவாகும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள், நான் எழுதியதாக இருந்தாலும்.