ஓர் ஒற்றெழுத்தின் கூலி

சிதம்பரத்தில் நான் பயின்ற பள்ளிக்குத் தொடக்கத்தில் வழங்கிய பெயர் சைவப்பிரகாச வித்தியாசாலை. 1864ஆம் ஆண்டு அதனை நிறுவியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளன்று எங்கள் தமிழாசிரியர் பாடநூலைத் திறக்கவில்லை. பள்ளி பிறந்த கதையைத்தான் சொன்னார்.

கதை கடலுக்கு அப்பால் தொடங்கியது. 1822இல் பிறந்த நாவலர், யாழ்ப்பாணத்துக் கிறித்தவப் பள்ளியொன்றில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். அந்தப் பணியைத் துறந்து, 1848இல் வண்ணார்பண்ணையில் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். மாணவரிடம் கட்டணம் பெறுவதில்லை. தமக்கோ ஊதியம் நின்றுவிட்டது. பள்ளியை எதைக்கொண்டு நடத்துவது? உலையிடும்போது வீட்டுக்கு வீடு ஒதுக்கிவைத்த பிடியரிசி துணைக்கு வந்தது. "ஒரு பிடி குறைந்தால் வீட்டில் எவருக்கும் பசி தெரியாது. ஊரே ஒதுக்கினால் ஒரு பள்ளி நடக்கும்" என்று கூறி, ஆசிரியர் தம் கையை மடக்கிக் காட்டினார்.

பிள்ளைகள் வந்தார்கள், அவர்கள் கையில் கொடுக்கத் தக்க நூல்கள் இல்லை. நாவலர் சென்னைக்கு வந்து அச்சுப்பொறி வாங்கிச் சென்றார். பாலபாடங்களை எழுதினார். இலக்கணச் சுருக்கத்தையும் இலக்கண வினாவிடையையும் ஆக்கினார். சந்தி பிரித்து, நிறுத்தற்குறியிட்டு அவர் எழுதிய உரைநடையை இளையோர் இடறாமல் படித்தனர். மற்றொன்றையும் ஆசிரியர் மறைக்கவில்லை. நாவலர் தம் காலத்துச் சாதி வேற்றுமையை ஏற்றுக்கொண்டவர். "அன்றைய நாளாயின் உங்களில் பலர் இங்கே அமர்ந்திருக்க இயலாது" என்றார். என் பக்கத்திலிருந்த நண்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனுடைய தந்தை மாட்டுவண்டி ஓட்டினார். அவன் கையெழுத்து எங்கள் வகுப்பிலேயே அழகானது. ஆகவே, கரும்பலகையில் எழுதும் பணி அவனுடையது. ஒருநாள் ஆசிரியர் சொல்ல, 'வேலை கொடுத்தான்' என்று எழுதினான். ஒருவன் மற்றவனுக்குப் பணி கொடுத்தான் என்றோம். "இடையில் ஒரு 'க்' போடு" என்றார். 'வேலைக் கொடுத்தான்' என்றாயிற்று. பணி மறைந்தது, முருகன் கையிலிருக்கும் வேல் வந்து நின்றது! வகுப்பே சிரித்தது. இலக்கணத்துக்கு நாங்கள் அஞ்சாமல் போனது அன்றுமுதல்தான்.

பத்தாம் வகுப்பின் பாதியில் நண்பன் வரவில்லை. தந்தை படுத்த படுக்கையாகிவிட்டார். ஆசிரியர் இருமுறை அவன் வீடு வரை சென்று திரும்பினார். அதன்பின் பலநாள் கரும்பலகையில் அவரே எழுதினார். எங்களுள் எவரையும் அழைக்கவில்லை.

ஆண்டுகள் பல சென்றபின், பாடநூல் குழுவில் நானும் ஒருவனாக அமர்ந்திருந்தேன். பாடச்சுமையைக் குறைக்க வேண்டும். வல்லினம் மிகும் இடங்களை நீக்கிவிடலாம் என்றார் ஒருவர். மாணவர் மதிப்பெண் இழப்பதே அந்தப் பகுதியில்தான் என்றார் மற்றொருவர். அவர் கூற்றில் உண்மை இருந்தது. நான் வாய்திறக்கவில்லை.

அந்த விடுமுறையில் சிதம்பரம் சென்றேன். தேரோடும் வீதியில், 'அரிசிக் கடை' என்று ஒரு பெயர்ப்பலகை. அந்த எழுத்தை நான் அறிவேன். கடைக்காரரிடம் கேட்டு, எழுதியவன் வீட்டைக் கண்டுபிடித்தேன். தலை நரைத்திருந்தது, விரல் நகங்களில் வண்ணம் படிந்திருந்தது. படம் அச்சிட்ட பதாகைகள் வந்தபின் தொழில் மெலிந்துவிட்டது என்றான்.

"எழுத்தை எண்ணித்தான் கூலி. 'க்' எதற்கு, அதை விட்டுவிடு, காசு மிச்சம் என்பார்கள் கடைக்காரர்கள்" என்றான்.

"நீ என்ன செய்வாய்?"

"அந்த ஓர் எழுத்துக்குக் கூலி வேண்டாம் என்று சொல்லி எழுதிவிடுவேன். ஐயா அந்த வழியே நடந்து வந்தால் பார்ப்பாரே!"

ஐயா மறைந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது அவனுக்கும் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். நெடுநேரம் பேசினேன் என்று பின்னர் நண்பர்கள் கேலி செய்தார்கள். அந்தப் பாடம் ஆறு பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாகச் சுருங்கியது, நீங்கவில்லை. 'வேலை கொடுத்தான், வேலைக் கொடுத்தான்' என்னும் சான்றை அதில் நான் சேர்த்தேன். அச்சான முதல் படியொன்றைச் சிதம்பரத்துக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தேன்.