நந்தினிக்கும் குந்தவைக்கும் முன்னால்

2022இல் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தில் நந்தினியும் குந்தவையும் எதிரெதிரே நிற்கும் காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. நந்தினியாக நடித்த ஐஸ்வர்யா ராயும் குந்தவையாக நடித்த த்ரிஷாவும் அழகிப் போட்டி மேடையிலிருந்து வந்தவர்கள்.

ஐஸ்வர்யா ராய் 1994 மிஸ் இந்தியா போட்டியில் சுஷ்மிதா சென்னுக்கு அடுத்த இடம் பெற்றார். அதே ஆண்டு உலக அழகியானார். முதல் படமான ‘இருவர்’ 1997இல்தான் வந்தது. மகுடம் சூடிய முகத்தைப் பாட்டுக்கு மட்டும் பயன்படுத்தாமல், புஷ்பவல்லி, கல்பனா என்று இரட்டை வேடத்தை நம்பிக் கொடுத்தார் இயக்குநர் மணிரத்னம்.

த்ரிஷா ஏறிய படிகள் இன்னும் சின்னவை. 1999இல் மிஸ் சென்னை பட்டம். அதே ஆண்டு ‘ஜோடி’யில் சிம்ரனின் தோழியாகச் சில நொடிகள், கண்ணிமைத்தால் தவறவிடலாம். 2001 மிஸ் இந்தியா போட்டியில் அழகிய புன்னகைக்கான பட்டம். கதாநாயகியாகத் திரைக்கு வர ‘மௌனம் பேசியதே’ வரை, 2002 வரை, காத்திருந்தார். ‘96’ படத்தின் ஜானுவை எந்த மேடையும் அவருக்குக் கற்றுத் தந்திருக்காது. அது படப்பிடிப்புத் தளங்களில் கழிந்த ஆண்டுகளின் சம்பாத்தியம்.

ஐஸ்வர்யாவைப் போலவே உலக அழகி பிரியங்கா சோப்ராவுக்கும் முதல் படம் தமிழில்தான்: ‘தமிழன்’, 2002.

திருச்சியின் அனுகீர்த்தி வாஸ் 2018இல் மிஸ் இந்தியா ஆனார். விஜய் சேதுபதியுடன் நடித்த ‘டிஎஸ்பி’ வெளியானது 2022இல். இடையில் நான்கு ஆண்டுகள்.

போட்டிக்கு விண்ணப்பிக்கும் தங்கைகளே, நடிப்புப் பயிற்சியையும் இன்றே தொடங்கிவிடுங்கள்.