கிணற்றின் மணம்

எங்கள் கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போடப் பாட்டி விடமாட்டாள். அது கிறீச்சிட்டால்தான் யார் எப்போது தண்ணீர் கோருகிறார்கள் என்று அடுக்களையில் இருந்தபடியே அவளுக்குத் தெரியும்.

பாறசாலைக்குக் கிழக்கே, வாழையும் மரச்சீனியும் வெற்றிலைக் கொடியுமாகக் கிடந்த ஊர். நாலு வீட்டுக்கு அந்த ஒரே கிணறு. வெட்டுக்கல்லைக் குடைந்து தோண்டியது. எட்டிப் பார்த்தால் சிவந்த சுவரில் பெரணி தொங்கும். அடியில் கிடக்கும் காசு வரைக்கும் தெரியும்.

நெய்யாறு அகத்திய மலையில் பிறந்து 56 கிலோமீட்டரிலேயே கடலில் கலந்துவிடும் ஆறு. 1959-இல் கட்டி முடித்த அணையிலிருந்து சானலில் தண்ணீர் விட்டால் சில நாளில் எங்கள் கிணற்றிலும் ஊற்று ஏறும். "சானலு வந்தாச்சு" என்று பாட்டி கையில் மிஞ்சிய கயிற்றைப் பார்த்தே சொல்வாள். சானல் எங்களைத் தாண்டி விளவங்கோட்டு வயல்களுக்குப் போகும். 2004-இல் அங்கே போவது நின்றது வேறு கதை.

தண்ணீர் இருந்தால் போதும், தெளிவாக இருந்தால் அது நல்ல தண்ணீர் என்பதுதான் எங்கள் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு எடவப்பாதி மழை முடிவில் எனக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். சோறு என்ற சொல்லே குமட்டியது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சிஸ்டர் வந்தார். கிணற்றுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேட்டில் இருந்த மாட்டுத் தொழுவத்தையும் கக்கூஸ் குழியையும் பார்த்தார். அங்கிருந்து கிணறு வரை எட்டு வைத்து அளந்தார். "அம்பது அடி வேணும். இங்க இருவதுகூட இல்ல." வெட்டுக்கல் சல்லடை மாதிரியாம். மேலே விழுவது மழையானாலும் மூத்திரமானாலும் கீழே விட்டுவிடுமாம்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "கணக்குப் படிக்குத பிள்ளதானே, பென்சிலு எடு." கிணற்றின் குறுக்களவு இரண்டு மீட்டர். கல் கட்டிய கயிற்றை இறக்கினால் தண்ணீர் மூன்று மீட்டர். பெருக்கினேன்: 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர். எங்கள் கிணற்றுக்கு 24 கிராம் போதும்.

பவுடரை வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கித் தெளியவிட்டார். மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றினார். அடியில் தங்கிய சுண்ணாம்பைத் தூர எறிந்தார். தெளிவு இருந்த வாளியைக் கிணற்றுத் தண்ணீருக்குள் முக்கி, கயிற்றை மேலும் கீழுமாகக் குலுக்கினார். "ஒரு மணி நேரம் யாரும் கோரப்படாது."

அந்த ஒரு மணி நேரமும் கப்பி சத்தமில்லாமல் கிடந்தது. பாட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கண்ணாடி மாதிரி கெடக்க தண்ணியில நாத்தத்தக் கலக்கிட்டுப் போறாளே!" இரண்டு நாள் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கவில்லை. மூன்றாம் நாள் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

நாலு வீட்டு ஆண்களும் சேர்ந்து கக்கூஸ் குழியைத் தூர்த்து, பள்ளத்துப் பக்கம் புதுக்குழி வெட்டினார்கள். தொழுவமும் அங்கே போனது. கிணற்றைச் சுற்றி சிமெண்டுத் திட்டு வந்தது. கேரளத்தின் இடைநாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 150 கிணறு என்று பின்னாளில் படித்தபோது, எத்தனை கிணற்றின் மேட்டில் எங்களுடையது போல ஒரு தொழுவம் இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

சில வருடம் கழித்துத் தெருமுனைக்குக் குழாய் வந்தது. பாட்டி முதல் குடத்தைப் பிடித்தாள். கையில் கொஞ்சம் ஏந்தி மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுளித்தது.

"மணமே இல்லியே மக்ளே," என்றாள். "பவுடரு போட்டானா இல்லியா, கேட்டுட்டு வா."