மழை நாள் இடைவேளை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஆதம்பாக்கத்தில் பள்ளி மைதானம் குளமாகிவிடும். இடைவேளை மணி அடித்தாலும் பிள்ளைகள் வெளியே போக வழியில்லை. 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்ற கட்டளை பிறக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது தண்டனையன்றோ?

விளையாட மைதானம்தான் வேண்டுமா? ஒரு பிடி புளியங்கொட்டையும் ஒரு சாக்பீஸும் போதுமே! தரையில் 14 வட்டங்கள் வரைந்தால் பல்லாங்குழி. குழிக்குக் குழி கொட்டை போடுகையில் எண்கள் தாமே மனத்தில் பதியும். கட்டம் கீறினால் ஆடுபுலி ஆட்டம். 15 ஆடுகளும் சேர்ந்து நின்றால் 3 புலிகளும் அசைய முடியாது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

எங்கள் தெருச் சிறுமி ஒருத்திக்குக் கால் சரியில்லை. மைதானத்தில் அவள் வேடிக்கை பார்ப்பவள். மழை நாளிலோ ஐந்தாங்கல்லில் அவளை வெல்ல ஆளில்லை! ஓட முடியாத பிள்ளைக்கும் வெற்றி தருவது வகுப்பறை விளையாட்டு.

விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. நாளை ஆசிரியராகப் போகும் நண்பர்களே! மழை பெய்யட்டும், பிள்ளைகளின் கைகளை மட்டும் கட்டிவிடாதீர்கள்.