டிக் என்று ஒரு சத்தம்

பொறியியல் படிப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் மின்விசிறி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். "தெரியவில்லை" என்று சொன்னால், "பிறகு என்னதான் படிக்கிறாய்?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் ஒருநாள் அவசரப்பட்டேன்.

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை, நிபோங் திபாலில் இருக்கும் எங்கள் பொறியியல் வளாகத்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு வந்திருந்தேன். ஜெலுத்தோங்கில் என் மாமாவுக்குச் சின்னதாக ஓர் இரும்புப் பட்டறை. ஆண்டு முழுவதும் இரும்புக் கதவும் சன்னல் கம்பியும் செய்வார். தை பிறந்துவிட்டால், தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர்களுக்குச் சட்டங்கள் செய்து தருவார்.

அன்று இரண்டு சட்டங்கள் பாக்கி. அலுமினியப் பட்டைகளில் வரிசையாகத் துளையிட வேண்டும். நடுவில் டிரில் மெஷின் நின்றுவிட்டது. கையால் பிடிக்கும் டிரில் இருந்தது. ஆனால் அதில் துளைகள் நேர்கோட்டில் விழாது. சங்கிலிகள் ஒரு பக்கம் இழுத்தால் சட்டத்தின் பாரம் சுமப்பவரின் ஒரு தோளில் இறங்கிவிடும். "திங்கக்கிழமை காலையில வந்துருவாங்கடா. விரதம் இருக்கிற பிள்ளைங்க" என்றார் மாமா.

சுவிட்சைப் போட்டால் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது, சுழலவில்லை. உடனே மின்சாரத்தை நிறுத்தினோம். அப்படியே விட்டிருந்தால் சுருள் சூடேறிக் கருகியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, வார்ப்பட்டையையும் எடுத்துவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் சுழன்றது, பேரிங் இறுகவில்லை. மாமா புல்லியில் ஒரு கயிற்றைச் சுற்றி இழுத்து, அது சுழலும்போதே மின்சாரம் கொடுத்தார். மோட்டார் ஒழுங்காக ஓடியது!

"மின்தேக்கி போய்விட்டது, மாமா" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"அப்படின்னா?"

"கெப்பாசிட்டர்."

"அது எதுக்குடா மோட்டாருக்கு?"

அங்கேதான் நான் திணறினேன். தேர்வில் இந்தக் கேள்விக்குப் படம் வரைந்து, சமன்பாடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். தமிழில் மாமாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. "அது... ஸ்டார்ட் பண்றதுக்கு" என்று மழுப்பிவிட்டு, டத்தோ கிராமட் சாலைக்கு மோட்டார் சைக்கிளை விரட்டினேன். பழையதைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதே அளவில் புதிது வாங்கி வந்து பொருத்தினேன்.

'ம்ம்ம்' என்றது மோட்டார்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தவர் சட்டென்று கேட்டார்: "டேய், காலையில கயிறு இழுத்து ஓட்டினமே, நிறுத்தினப்ப 'டிக்'குன்னு ஒரு சத்தம் வரலையே. எப்பவும் வரும்."

எனக்குப் பொறி தட்டியது. அன்று கையில் இருந்தது ஒற்றைக் கட்ட மின்சாரத்தில், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஓடும் மோட்டார். இம்முறை மாமாவுக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன்.

"பாட்டியோட தையல் மெஷின் ஞாபகம் இருக்கா, மாமா? கால் மேலும் கீழும்தான் போகும். முதலில் கையால் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளணும். இல்லன்னா சக்கரம் அப்படியே நிக்கும், சமயத்துல பின்னாலகூடச் சுத்தும். இந்த மோட்டாரும் அப்படித்தான். முதன்மைச் சுருள் காந்தப்புலத்தை முன்னும் பின்னும்தான் ஆட்டும். இன்னொரு சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து அந்த முதல் தள்ளைக் கொடுக்கும். வேகம் முக்கால்வாசி வந்ததும் உள்ளே இருக்கிற எடைகள் விரிஞ்சு அந்தச் சுருளைத் துண்டிச்சிரும். நிறுத்தினா, எடைகள் திரும்பி வந்து மறுபடி இணைக்கும். அந்தச் சத்தம்தான் உங்க 'டிக்'."

"அப்போ அது திரும்பி வராம மாட்டிக்கிட்டு நிக்குது" என்றார் மாமா. படிக்காதவர் என்று ஊர் சொல்லும் என் மாமா!

பிளக்கைக் கழற்றி, மின்தேக்கியில் தங்கிய மின்னூட்டத்தை ஒரு மின்தடையின் வழியே இறக்கிவிட்டு, மோட்டாரின் பின்மூடியைத் திறந்தோம். பழைய எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து கருப்புப் பசையாக இறுகி, நகரவேண்டிய வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரில் பார்த்தோம்: துவக்கச் சுருள் நலம்; ஆனால் தொடுமுனைகள் இரண்டும் சேராமல் பிரிந்தே நின்றன. பழைய மின்தேக்கியையும் சோதித்தேன். முள் எழுந்து மெல்ல இறங்கியது. அதுவும் நலமே! காலையில் ஐந்து நிமிடம் செலவழித்துச் சோதித்திருந்தால் பாதிநாள் மிஞ்சியிருக்கும்.

பசையைத் துடைத்து, தொடுமுனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தூள் தங்காமல் துடைத்தோம். வளையம் நகரும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். பழைய மின்தேக்கியையே திரும்பப் பொருத்தி, மூடியை முடுக்கி, சுவிட்சைப் போட்டார் மாமா. மோட்டார் சுழன்றது. நிறுத்தினார். வேகம் குறைந்துகொண்டே வந்து... 'டிக்'. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அன்றிரவு பத்து மணி தாண்டியும் துளையிட்டோம். திங்கட்கிழமை சட்டங்கள் போய்ச் சேர்ந்தன.

அன்பு நண்பர்களே, நம்மில் பலர் ஆரம்பப் பள்ளியைத் தமிழில் முடித்துவிட்டு, அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் தொடர்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் கற்றதை வீட்டு மொழியில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எங்கே நாக்கு தடுமாறுகிறதோ, அங்கே நமக்கே சரியாகப் புரியவில்லை என்று பொருள். என் மாமாவுக்குத் தையல் மெஷினைச் சொன்ன அந்த நிமிடத்தில்தான், தேர்வில் நான் எழுதிய விடை எனக்கே விளங்கியது.

புது மின்தேக்கியை மாமா கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம், "எங்க இன்ஜினியர் வாங்கினது" என்று காட்டுகிறார். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.